மேல் வீட்டு வண்டின் கனம்

எங்கள் பிளாக்கில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் சொன்னால்தான் சரியாக இருக்கும், ஏனென்றால் மற்றவர்களுக்கெல்லாம் அது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம், எனக்கு மட்டும்தான் தலைக்கு மேலே நடந்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், ஆனால் கனத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் நாற்பது வருஷம் மூட்டை சுமந்தவன். கண்ணைக் கட்டிவிட்டு முதுகில் ஏற்றினாலும் எத்தனை கிலோ, ஈர வெங்காயமா காய்ந்த வெங்காயமா என்று சொல்லிவிடுவேன்.

முதல் மாடியில் நான். எனக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், என் தங்கை பாக்கியத்தாய், அவள் புருஷன் நவநீதனோடு. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பத்தை இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது ஒரு குலுக்கல் டப்பா. ரோடு போடுவதற்காக எங்கள் தெருவை எடுத்துக்கொண்டு மாற்று வீடு கொடுத்தபோது சீட்டு எடுத்த கை யாருடையதோ, அது விளங்காமல் போகட்டும் என்று அன்றைக்கே சொன்னேன்.

சண்டை அதற்கும் முந்தியது. முப்பத்தொரு வருஷம் ஆகிறது. பாக்கியத்தாயின் மகள் எழிலரசிக்குப் பதினோராம் மாதம் குலசாமி கோவிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், அது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம், அந்தப் பிள்ளைக்கு இருந்த தாய்மாமன் நான் ஒருத்தன்தான். சீர்த்தட்டு ஏழையும் ஒரே கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் நின்றுபோன இடத்திலிருந்து கரட்டுப் பாதையில் மூன்று மைல் நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது, பந்தியில் இரண்டாவது வரிசை எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தது. நவநீதன் அப்போது பஸ் கண்டக்டர். நேரமாகிவிட்டால் பெற்ற தாய் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாலும் விசில் அடித்துவிடுகிற ரகம். முகூர்த்தம் தவறுகிறது என்று தன் வண்டி டிரைவர் பாண்டுரங்கன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காதைக் குத்திவிட்டான். நான் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், வந்த வழியே திரும்பி நடந்தேன். அதோடு சரி. இந்த பிளாக்குக்கு வந்த பதினாலு வருஷமும் அவனிடம் சொல்ல வேண்டியதைப் படிக்கட்டில் உட்காரும் காக்காயிடம்தான் சொல்லிவருகிறேன்.

அந்த எழிலரசி இப்போது ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். நாம் கிளி வளர்ப்பதுபோல அந்த ஊரில் வண்டு வளர்க்கிறார்களாம். அதற்குக் கடை, அதற்குப் பெட்டி, அதற்குத் தீனி. இவள் அறையில் ஒரு கொம்பு வண்டு, ஒரு குச்சிப்பூச்சி, சாண் நீளத்தில் ஒரு மரவட்டை மூன்றும் இருந்தனவாம். போன ஆடியில் லீவுக்கு வந்தவள் வண்டை மட்டும் அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். விமான நிலையத்தில் எப்படி விட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டைவிரல் நீளம், கன்னங்கரேலென்று எண்ணெய் தடவிய மாதிரி முதுகு, குறடுபோல இரண்டு கொம்பு. "நாலஞ்சு வருஷம் இருக்கும்மா, பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாக்கியத்தாய் அதற்கு மரக்கடையிலிருந்து உளுத்த கட்டையும் தூளும் வாங்கிவந்து பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, நல்ல சிறுமலைப் பழமாகப் பார்த்து உரித்துவைத்து வளர்த்தாள். இதெல்லாம் என் பெண்சாதி தவமணி சொல்லித் தெரியும். அவள் மேல் வீட்டுப் படியை மிதித்ததே இல்லை என்று பதினாலு வருஷமாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்து வருகிறவள்.

புரட்டாசியில் வண்டு கனக்க ஆரம்பித்தது. பெரிதாகவில்லை, அதே கட்டைவிரல்தான், கனம் மட்டும் ஏறியது. முதல் நாள் பெட்டியைத் துடைக்கத் தூக்கினால் ஒரு படி அரிசி கனம், அடுத்த வாரம் தண்ணீர்க் குடத்தின் கனம், ஐப்பசி பிறந்தபோது பெட்டி உடைந்து, பெட்டி இருந்த ஸ்டூலும் உடைந்து, வண்டு தரையில் நின்றது, நின்ற இடத்தில் சிமெண்டு கிண்ணம்போலக் குழிந்தது. நாளைக்கு ஒரு சாண் தூரம் நடக்கும், அதற்குமேல் நடக்காது. பிளாக்கில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "பாக்கியக்கா வீட்டு வண்டு கனத்துப்போச்சாம்" என்று, மோட்டார் ரிப்பேர் என்பதைச் சொல்கிற குரலில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு, அடுத்த வேலையாக அதனால் என்ன பிரயோஜனம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரயோஜனம் கண்டுபிடித்தது மூன்றாம் நம்பர் வீட்டு ரெஜினா. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் முன்னால் நின்று யோசனை சொல்கிறவள். வண்டு போகிற வழியில் ஒரு பலகையைப் போட்டுவைத்தால் மறுநாள் அது பலகைமேல் ஏறி நடக்கும், பலகைக்கு அடியில் எது இருந்தாலும் சீராகிவிடும் என்றாள். அதிலிருந்து நசுங்கிய எவர்சில்வர் தட்டு, சுருண்டுபோன பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அப்பள மாவு, கோணிய கதவுக் கீல், செக்குக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு எள் மூட்டை என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி மாடி ஏறினார்கள், என் பலகை நேற்றே போட்டது, உன் பலகை எனக்குப் பின்னாடி என்று அங்கே வரிசைச் சண்டை நடந்தது, பிழைப்பு போகிறதே என்று சண்டைக்குப் போன இஸ்திரிக்காரர் தன் ஒரே நல்ல பேண்ட்டைக் கொடுத்து வரிசையில் சேர்ந்துகொண்டார். ஒரு நாள் எங்கள் வீட்டு அப்பளமும் காகிதம்போல மெல்லிசாக இருந்தது. எங்கே தேய்த்தது என்று கேட்டேன். கடையில் வாங்கியது என்றாள் தவமணி, என் முகத்தைப் பார்க்காமல்.

அதோடு விட்டார்களா. தங்களுக்கும் ஒன்று கனக்காதா என்று பிளாக் முழுக்கப் பூச்சி வளர்க்க ஆரம்பித்தார்கள். ஊறுகாய் பாட்டிலில் பிள்ளைப்பூச்சி, சோப்பு டப்பாவில் பொன்வண்டு, பழைய குக்கரில் நத்தை, தரைத்தளத்தில் ஒருத்தர் தேளை வளர்த்து மாப்பிள்ளைபோல மூன்று வேளையும் கரப்பான் ஊட்டினார். எதுவும் கனக்கவில்லை. தேள் மட்டும் ஓடிப்போய், பத்து நாள் யாரும் செருப்பை உதறாமல் போடவில்லை.

இத்தனையும் அவர்களுக்கு வேடிக்கை. எனக்கு மேல்தளத்தில் ஒரு பானை முளைத்திருந்தது. வண்டு நின்ற இடத்தில் என் வீட்டுச் சுண்ணாம்பு கீழே புடைத்துத் தொங்கியது, வண்டு நகர்ந்தால் அந்தப் புடைப்பும் நகர்ந்தது, நாளைக்கு ஒரு சாண், ஃபேனைச் சுற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு மேலே ஒரு நாள் நின்று, பீரோவைத் தாண்டி, என் கட்டிலுக்கு நேர் மேலே வந்து நின்றது. கட்டிலை வடக்கே இழுத்துப் போட்டேன், அதுவும் வடக்கே திரும்பியது. கிழக்கே போட்டேன், கிழக்கே வந்தது. மேலே இருந்து அந்தக் கண்டக்டர்தான் பழத்தைக் காட்டி ஓட்டுகிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

கார்த்திகையில் விரிசல் விட்டது. பிளாக் சங்கச் செயலாளர் குணசீலன் ஒரு என்ஜினீயரைக் கூட்டிவந்தார். அவர் என் கட்டில்மேல் ஏறி நின்று புடைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, கீழ் வீடு மேல் வீடு இரண்டையும் காலி செய்யச் சொன்னார், அந்த வாரமே. பாக்கியத்தாய் வண்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். "என் பிள்ளை குடுத்துட்டுப் போனது. அது பக்கத்துலதான் படுக்குறேன். அது கீழ போனா நானும் போறேன்" என்று சொன்னதைத் தவமணி வந்து சொன்னாள். பாயை வண்டுக்குப் பக்கத்திலேயே விரித்துப் படுக்கிறாளாம். அதற்கப்புறம் என்னால் அந்தப் புடைப்பைப் புடைப்பாக மட்டும் பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, காரைக்கு அந்தப் பக்கம், என் தங்கை படுத்திருந்தாள்.

பேட்டையிலிருந்து ஆறு பேர் கயிறும் கடப்பாரையுமாக வந்தார்கள், எல்லாம் என்னிடம் தோள் பழகின பயல்கள். கட்டைவிரல் நீள வண்டை ஆறு பேர் சேர்ந்து அசைக்க முடியாமல் இறங்கி வந்து என் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். "சோலைமலைண்ணே, நீ வந்து ஒரு கை போடேன்" என்றார்கள்.

"அழைப்பில்லாத வீட்டுக்கு நான் படி ஏறுறதில்ல."

"வண்டுக்கு என்னண்ணே அழைப்பு?"

"வண்டுக்கு வேணாம். எனக்கு வேணும்."

இங்கேதான் ரெஜினா மறுபடியும் வாயைத் திறந்தாள். தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளை கனத்துக்கொண்டேதான் போகும், பாக்கியக்கா அதைப் பிள்ளையாகத்தானே வளர்க்கிறாள், மாமன் மடியில் ஒரு தடவை உட்காரவைத்தால் சரியாகிவிடும் என்றாள். இப்படி ஒரு விதி எந்த ஊரிலும் கிடையாது. அவளே அந்த நிமிஷம் படிக்கட்டில் நின்று உண்டாக்கியது. சாயங்காலத்துக்குள் பிளாக்கே அதைக் காலம்காலமாகத் தெரிந்ததுபோலப் பேசிக்கொண்டிருந்தது. வண்டுக்குக் காது எங்கே இருக்கிறது என்று குணசீலன் மட்டும் கேட்டார். "காதா முக்கியம்? மடிதான் முக்கியம்" என்று அவரை உட்காரவைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் நவநீதன் தட்டோடு வந்து என் வாசலுக்கு வெளியே நின்றான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு பழம். படிக்கட்டு முழுக்கத் தலைகள். அவன் என்னைப் பார்க்கவில்லை, தவமணியைப் பார்த்தான்.

"தங்கச்சி, முறையா அழைக்க வந்திருக்கேன்னு மச்சான்கிட்ட சொல்லுங்க."

நானும் தவமணியிடமே சொன்னேன். "முப்பத்தொரு வருஷம் லேட்டுன்னு சொல்லு. அந்த டிரைவர் மடி சும்மாத்தான இருக்கும், அங்க போகச் சொல்லு."

"டிரைவர் செத்து ஆறு வருஷம் ஆச்சுன்னு சொல்லுங்க தங்கச்சி."

எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் அவன் பேரைச் சொல்லிச் சாபம் விட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருஷத்துச் சாபம் ஆளில்லாத வீட்டுக்குப் போயிருக்கிறது, ஒருத்தன் வந்து சொல்லவில்லை.

"முகூர்த்தம் ஒம்பதே காலோட முடிஞ்சது. பூசாரி விரட்டுனாரு. அதையும் சொல்லுங்க."

"குத்துனது பிள்ளை காதா, பஸ் டிக்கெட்டான்னு கேளு."

"பாதி வழி வரைக்கும் ஆள் விட்டுப் பாத்தேன்னு சொல்லுங்க."

"எந்த வழிக்கு விட்டான்னு கேளு. நான் கரட்டு வழியா வந்தேன்."

"நீங்க ரெண்டு பேரும் காது கேக்குற தூரத்துலதான நிக்கிறீங்க" என்றாள் தவமணி. "எனக்குக் குழம்பு கொதிக்குது." அவள் உள்ளே போனாள். போன கையோடு தட்டு அகலக் காரை ஒன்று மேலேயிருந்து பெயர்ந்து குழம்புச் சட்டியில் விழுந்தது. பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. கம்பிக்கு மேலே பாக்கியத்தாய் இருமுகிற சத்தம் கேட்டது, சின்னப் பிள்ளையில் கக்குவான் வந்தபோது இருமிய அதே இருமல்.

நான் தட்டை வாங்கவில்லை. ஆனால் படி ஏறினேன்.

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனால், வண்டு நடு ஹாலில் தான் தோண்டிய குழியில் நின்றுகொண்டு ஒரு பழத்தை நக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சனியனுக்காகவா இத்தனை என்று வந்தது. அதைத் தூக்கி மடியில் வைக்க முடியாது, தூக்க ஆளில்லை. அதுவாக நடந்து வந்து ஏற வேண்டும். அதற்கும் எனக்கு முதுகு சாய்க்கச் சுவர் வேண்டும், சுவர் அதற்கு நாலு சாண் தள்ளி இருந்தது. நாலு சாண் என்றால் நாலு நாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மடியில ஒரு பழத்தை வச்சா சீக்கிரம் வரும்" என்றான் நவநீதன் சுவரைப் பார்த்து.

"பழத்தைக் காட்டி வரவழைக்கிற உறவு எனக்கு வேணாம்னு சொல்லு பாக்கியம்" என்றேன்.

முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு என் தங்கையிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் அழுதாளா சிரித்தாளா என்று பார்க்கவில்லை, வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒதுங்கப் போகும்போது பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல என் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டுப் போனேன், அந்த நேரம் யாரும் உட்கார்ந்துவிடாமல் நவநீதன் காவல் நின்றான், அது அவனுக்குப் பழக்கமான வேலை. பிளாக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. இத்தனை கனம் தொடையில் ஏறினால் எலும்பு தூளாகிவிடும், ஆம்புலன்சுக்குச் சொல்லிவைக்கட்டுமா என்று குணசீலன் கேட்டார். பலகைக்காரர்கள் வரிசை நின்றுபோன எரிச்சலில் என்னை முறைத்தார்கள். எழிலரசி போனில் முகம் காட்டி, "மாமா, அதுக்குப் பயம் வராம அசையாம இருங்க" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ரத்தம் அப்படித்தான்.

மூன்றாம் நாள், நவநீதன் பால் வாங்கப் போன நேரம், பாக்கியத்தாய் சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டிவைத்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கி ஏண்ணே ஓடி வரல? மேட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ தூரத்துல வர்றது எனக்குத் தெரிஞ்சது. மெதுவா, கோவில் யானை மாதிரி நடந்து வந்த."

"தலையில சீரு இருந்துச்சுல்ல."

"இறக்கி வச்சிட்டு ஓடி வந்திருக்கலாம்ல."

நாற்பது வருஷத்தில் நான் எடுத்த மூட்டையை நடுவழியில் இறக்கியதில்லை. எங்கள் தொழிலில் அது அவமானம். தூக்கினால் சேர வேண்டிய இடத்தில்தான் இறக்க வேண்டும், இடையில் தண்ணீர் குடிக்கக்கூட இறக்கக் கூடாது. கரட்டுப் பாதையில் மேளச் சத்தம் கேட்டது, நேரம் ஆகிறது என்று தெரிந்தது, கூடையை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு ஓடலாம் என்பது என் புத்திக்கு அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் வரவில்லை.

"அந்த ஓட்டை உடைசல் பஸ்ஸு நடுவழியில நின்னதுக்கு நான் என்ன பண்ணுவேன்" என்றேன். அவள் அடுத்த உருண்டையை வைத்தாள்.

நாலாம் நாள் பத்து மணி இருக்கும், வண்டு என் வலது முழங்காலுக்கு வந்தது. ஹாலிலும் படிக்கட்டிலும் ஆள். ரெஜினா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டையும் என் வேட்டியில் வைத்து, கொம்பை ஆட்டி மோப்பம் பிடித்து, ஏறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நூறு கிலோ மூட்டை ஏறும்போது அடிவயிற்றை எக்கி மூச்சை எப்படிப் பிடிப்பேனோ அப்படிப் பிடித்தேன். தொடைமேல் நடந்து மடியின் பள்ளத்தில் இறங்கி, அது காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கீழே எங்கள் வீட்டிலிருந்து தவமணி குரல் கொடுத்தாள். "நிமிந்திருச்சு. மேல எல்லாம் நிமிந்து பழையபடி ஆயிருச்சு."

பிடித்த மூச்சை நான் மெதுவாக விட்டேன். மடியில் கனமே இல்லை. ஒரு புளியங்கொட்டை கனம்கூட இல்லை. கால்நகம் வேட்டி நூலில் சிக்கிச் சிக்கி இழுப்பது மட்டும்தான் தெரிந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்திருக்கலாம்.

நவநீதன் என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

"மச்சான், கனமா இருக்கா?"

பிளாக்கே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கனத்தைப் பற்றி நான் சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும்.

"கனந்தான்" என்றேன். "ரெண்டு வெங்காய மூட்டை இருக்கும். எலும்பு தாங்குது. ஆனா எந்திரிக்க முடியாது."

"எத்தனை நாளைக்கு மச்சான்?"

"அது இறங்குற வரைக்கும். நான் என்ன பஸ்ஸா, நேரம் சொல்ல?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டே போய் ஒரு தலையணை கொண்டுவந்து என் முதுகுக்குக் கொடுத்தான், விசிறியைத் திருப்பிவிட்டான், கூட்டத்தை இறங்கச் சொல்லி விரட்டினான், ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்தான். பாக்கியத்தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வேட்டியைப் பார்த்தாள். காலையில் உதறிக் கட்டிய வேட்டி, ஒரு மடிப்புகூட அமுங்காமல் மொடமொடவென்று நின்றது, அதன்மேல் வண்டு. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

நான் வெந்நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை" என்றேன். "இது சுடல. போய் நல்லா கொதிக்க வச்சுக் கொண்டாங்க."